மோரேயில் ஓர் இரண்டாம் நம்பர் கேட்

மணிப்பூரின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது மோரே. இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் வரை சமவெளி, அப்புறம் ஏற்றம். தெங்நௌபால் உச்சியைத் தாண்டி இறங்கினால் கீழே மியான்மரின் கபாவ் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். ஊரில் இரண்டு எல்லைக் கதவுகள். ஊர்க்காரர்கள் பேச்சில் ஒன்றாம் நம்பர் கேட், இரண்டாம் நம்பர் கேட். ஒன்றாம் நம்பர், பாலத்தைக் கடந்து தமு நகருக்குப் போகும் அதிகாரபூர்வப் பாதை. இரண்டாம் நம்பர், எதிரே இருக்கும் நாம்பலாங் சந்தைக்கு மூட்டையைத் தலையில் வைத்து நடந்து போகும் வழி.

கேட் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு அடைப்பது பழைய வழக்கம், இந்திய நேரப்படி. மியான்மர் நேரம் நம்முடையதைவிட ஒரு மணி கூடுதல் என்பதால் அந்தப் பக்கம் அப்போது 5 மணி. அந்தப் பக்கத்து 5 மணியை மனதில் வைத்து, இந்திய நேரம் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பி நாம்பலாங்கில் பேரம் பேசிக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பியிருப்பார்களோ.

2020 மார்ச்சில், கொரோனாவைக் காரணம் காட்டி இரண்டு கேட்டையும் பூட்டினார்கள். கொரோனா போய்விட்டது. கேட் வணிகத்துக்காகப் பழையபடி திறக்கவே இல்லை. இடையில் மியான்மரில் ராணுவப் புரட்சி, மணிப்பூரில் இனக் கலவரம், டெல்லியில் எல்லை முழுக்க வேலி போடும் முடிவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

எல்லைப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு, பொருளாதாரம் மூன்றுமே முன்னுரிமை என்று எந்த அரசும் சொல்லும். டெல்லியில் அவை மூன்று அமைச்சகங்களின் மூன்று கோப்புகள். மோரேயில் ஒரே கேட். உள்துறை அதைப் பூட்டினால் வர்த்தகத் துறையின் திட்டம் படுத்துவிடும். தொழிலாளர் துறைக்கு இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியுமா என்பதே சந்தேகம்.

பர்மாவுக்குத் திரும்பிப் போகக் கிளம்பியவர்கள்

மோரேக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் ஆலைகளும் வங்கிகளும் தேசியமயம். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பலில் சென்னை வந்து முகாம்களில் தங்கிய பலருக்குத் தமிழ்நாடு பெயரளவில்தான் தாய்நாடு. பிறந்தது, வளர்ந்தது, வியாபாரம் பழகியது எல்லாம் அங்கே. கொஞ்சப் பேர் பொறுக்க முடியாமல், ரயிலேறி, மலையேறி, தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் பர்மா ராணுவம் மறித்தது. திரும்பி வரவும் மனமில்லை, கையில் காசும் இல்லை. நின்ற இடத்திலேயே குடியேறினார்கள். அந்த இடம்தான் மோரே.

அங்கே அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், பங்குனி உத்திரத்துக்குத் தீ மிதித்தார்கள். பர்மிய மொழி தெரியும், தமு சந்தையில் யார் யார் என்று தெரியும், தமிழ்நாட்டிலும் ஆள் உண்டு. எல்லை வணிகத்துக்கு இதைவிட வேறென்ன முதலீடு வேண்டும்? ஒரு காலத்தில் பல ஆயிரம் பேர் இருந்த தமிழ்க் குடியிருப்பில் இப்போது சுமார் 3,000 பேர்தான் மிச்சம். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் சாயங்காலம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட நிற்பவர்களுக்கு, அதே கதையின் இன்னொரு கிளை அங்கே எல்லைத் தூண்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

மோரே தமிழர்களுடைய ஊர் மட்டும் அல்ல. மலைப்பக்கத்துக் கூகிகளும் இம்பால் பள்ளத்தாக்கின் மெய்தேயிகளும் நேபாளிகளும் மார்வாரிகளும் பங்கல் என்று சொல்லப்படும் மணிப்பூர் முஸ்லிம்களும் சேர்ந்தே கடை வைத்திருந்த ஊர் அது.

விளக்குமாறு முதல் பாக்கு வரை

இந்தியாவும் மியான்மரும் எல்லை வணிக ஒப்பந்தம் போட்டது 1994 ஜனவரியில். 1995 ஏப்ரல் 12-ஆம் தேதி மோரேயில் வணிகம் முறைப்படி தொடங்கியது. பண்டத்துக்குப் பண்டம்தான், காசு கைமாறக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பொருட்கள் 22. பட்டியலைப் படித்தால் ஏதோ வாரச்சந்தைக்குப் போன மாதிரி இருக்கும்: கடுகு, பயறு, பூண்டு, வெங்காயம், மிளகாய், இஞ்சி, தக்காளி, மூங்கில், எள், பாக்கு வெற்றிலை, புகையிலை, விளக்குமாறு. 2008-இல் பட்டியல் 40 ஆனது, 2012-இல் 62.

சந்தையில் உண்மையில் புரண்ட சரக்கோ வேறு. சீனப் போர்வை, தாய்லாந்துச் செருப்பு, குடை, டார்ச் லைட், எலக்ட்ரானிக் சாமான். இவற்றில் பலவும் பட்டியலில் கிடையாது. தலைச்சுமையாக இரண்டாம் நம்பர் கேட் வழியாக வந்து, மோரேயில் மூட்டை கட்டி, இம்பாலுக்கு வண்டியேறின. நம்மூரில் பில் இல்லாத வியாபாரத்தை ரெண்டாம் நம்பர் என்பார்கள். கேட்டுக்கு அந்த நம்பர் அமைந்தது தற்செயல், ஆனால் பொருத்தமான தற்செயல்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தே விட்டுவைத்திருந்தது. எல்லையோரத்து மக்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்ற ஏற்பாடு 1968 முதல் விதிமுறையாகவே இருந்தது. முதலில் இரு பக்கமும் 40 கிலோமீட்டர். 2004-இல் அதை 16 ஆகக் குறைத்தார்கள். இந்த ஏற்பாட்டைச் சுதந்திர நடமாட்ட முறை என்று அழைக்கிறார்கள். அதில் போகிறவர் தலையில் சுமக்கும் அளவுக்குச் சரக்கு எடுத்துப் போகலாம். தலைச்சுமை எவ்வளவு என்பது சுமக்கிறவரின் கழுத்துப் பலத்தையும் கேட்டில் நிற்பவரின் மனநிலையையும் பொறுத்தது.

2015 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி பண்டமாற்றை நிறுத்தி, சாதாரண வணிக முறைக்கு மாற்றியது. காகிதத்தில் இது முன்னேற்றம். இனி எல்லாம் வங்கி வழி, அந்நியச் செலாவணி, பணத்துக்கு வங்கி உத்தரவாதம் தரும் எல்.சி. கடிதம். ஆனால் எதிர்ப்பக்கம் தமுவில் உள்ள வெங்காய வியாபாரிக்கு எல்.சி. திறந்து கொடுக்க எந்த வங்கி இருக்கிறது? சிறு வியாபாரிகள் முறையான வணிகத்திலிருந்து கழன்றுகொண்டார்கள். கேட் மூடுவதற்கு நாலு வருஷம் முன்பே முதல் பூட்டு இப்படித்தான் விழுந்தது. அதைப் போட்டது பாதுகாப்புத் துறை அல்ல என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே காலகட்டத்தில்தான் கிழக்கு நோக்கிச் செயல்படும் கொள்கை என்று 2014 முதல் டெல்லி பேச ஆரம்பித்திருந்தது. மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை. 2018 ஆகஸ்ட் 8-இல் பாஸ்போர்ட் விசாவோடு கடக்கும் சர்வதேச நுழைவாயிலாக மோரே-தமு திறக்கப்பட்டது. 2019 ஜனவரி 4-இல் மோரேயின் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் தொடங்கி வைத்தார். சுங்கம், குடியேற்றம், கிடங்கு, லாரி நிறுத்தம் எல்லாம் ஒரே வளாகத்தில். தென்கிழக்கு ஆசியாவின் வாசல் என்றார்கள். பதினான்கே மாதத்தில் வாசல் சாத்தப்பட்டது.

பூட்டுவதற்கான நியாயம்

வேலி வேண்டும் என்பவர்கள் வெறுமனே பயமுறுத்துகிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2015 ஜூன் 4-இல் இதே பகுதியில், அன்றைய சந்தேல் மாவட்டத்தில், பதுங்கித் தாக்கியதில் 18 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். தீவிரவாதக் குழுக்களின் முகாம்கள் எல்லைக்கு அப்பால் இருந்தன. ஐந்து நாள் கழித்து இந்தியப் படைகள் எல்லை தாண்டிப் போய் அடித்தது அதனால்தான். 2021 நவம்பரில் மணிப்பூரின் சூராசந்த்பூரில், இந்த எல்லையைக் காக்கும் அசாம் ரைபிள்ஸ் படையின் கர்னல் ஒருவர் மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் அபினி சாகுபடியைத் தடைசெய்த பிறகு, 2023-இல் உலகிலேயே அதிகம் அபினி விளையும் நாடு மியான்மர் என்று ஐ.நா. அறிவித்தது. அந்தச் சரக்கு வெளியேறும் வழிகளில் ஒன்று இந்த மலைகள்.

2021 பிப்ரவரி 1 புரட்சிக்குப் பிறகு அகதிகள் வந்தார்கள், மிசோரமில் மட்டும் 30,000-க்கும் மேல். மிசோக்களுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள். மணிப்பூர் அரசுக்கு ஊடுருவல்காரர்கள். 2023 மே 3-இல் மெய்தேயி-கூகி மோதல் வெடித்தபோது, எல்லை தாண்டி வந்தவர்கள்தான் காரணம் என்ற பேச்சு இம்பால் பள்ளத்தாக்கில் பெரிதாக எழுந்தது. கலவரத்தில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். மோரேயில் மெய்தேயிகளின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, அவர்கள் ஊரைவிட்டே போனார்கள். அந்த அக்டோபர் 31-இல் மோரேயில் காவல்துறை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதையெல்லாம் பார்த்த ஓர் உள்துறை அமைச்சர் வேலி என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

18 கோடியும் 15 ஆயிரமும்

2024 பிப்ரவரி 6-இல் 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி போடப்படும் என்று அமித் ஷா அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, சுதந்திர நடமாட்ட முறை ரத்து என்றார். அதுவரை வேலி போட்டு முடித்திருந்தது மோரேயில் 10 கிலோமீட்டர்தான். மிசோரம் சட்டமன்றம் பிப்ரவரி 28-இலும் நாகாலாந்து சட்டமன்றம் மார்ச் 1-இலும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மணிப்பூர் முதல்வர் வரவேற்றார். நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் கொன்யாக் நாகர்களின் தலைவர் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு போகிறது. அங்கே வேலியை எந்த அறை வழியாக இழுப்பது?

அந்த ஆண்டு ஜூலை 23-இல் வந்த பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் ஒன்பது முன்னுரிமைகளை அடுக்கினார். வேலைவாய்ப்பும் திறன் வளர்ப்பும் அதில் இரண்டாவது. ஐந்து ஆண்டுகளில் 4.1 கோடி இளைஞர்களுக்கு 2 லட்சம் கோடி ரூபாயில் ஐந்து திட்டங்கள். அதில் ஒன்று, முதல்முறை வேலைக்குச் சேருகிறவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், மூன்று தவணையில். நிபந்தனை, அவர் வருங்கால வைப்பு நிதியில் பதிவாகியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 17-இல், மூன்றாவது ஆட்சியின் முதல் நூறு நாள் சாதனைகளைச் சொல்லும்போது அமித் ஷா வேலியைப் பற்றியும் பேசினார். வேலிக்கும் அதையொட்டிய சாலைக்கும் சுமார் 31,000 கோடி ரூபாய்க்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருந்தது. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கோடியே 90 லட்சம்.

இப்போது மோரேக்கு வருவோம். நாம்பலாங்கிலிருந்து மூட்டை சுமந்து வந்த பெண், அதைப் பிரித்துக் கட்டிய பையன், இம்பாலுக்கு ஏற்றிப்போன வேன் டிரைவர், கேட்டருகே இட்லிக் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பம். இவர்களில் யாருக்கு வைப்பு நிதிக் கணக்கு இருக்கும்? வேலை போனது என்று இவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது, ஏனென்றால் வேலை இருந்தது என்பதற்கே எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லை. ஆலையை மூடினால் ஆட்குறைப்பு என்று ஒரு எண் வரும், தொழிற்சங்கம் வரும், இழப்பீடு பேசுவார்கள். கேட்டை மூடினால் ஒரு உத்தரவு வரும், அவ்வளவுதான்.

வேலி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வேலிக்கான கோப்பில் கம்பி, தூண், சாலை, கேமரா எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருக்கும். கேட்டை நம்பியிருந்தவர்களின் வருமானத்துக்கு ஒரு பத்தி கிடையாது. இந்த ஆய்வில் நான் குறையாகப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

கேட் பூட்டியிருந்தும் ஆட்கள் கடக்காமல் இருந்தார்களா என்றால், இல்லை. 2022 ஜூலை 5-இல் மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுநர், மற்றவர் சிறு வியாபாரி. ராணுவ ஆட்சிக்கு ஆதரவான ஆயுதக் கும்பல்தான் செய்தது என்று செய்திகள் வந்தன. அன்று முறையான கேட் இரண்டு வருஷத்துக்கும் மேலாக மூடிக் கிடந்தது. முன்பு பாஸ் வாங்கி, பெயர் பதிந்து போகும் இடத்துக்குப் பதிவில்லாமல் போயிருக்கிறார்கள். யார் போனார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்ற குறிப்பு கேட்டில் இல்லாத ஒரு பயணம் அது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்த இருவரின் குடும்பம் என்ன பொருள் சொல்லும்?

2024 டிசம்பரில் டெல்லி கொஞ்சம் இறங்கி வந்தது. முற்றிலும் ரத்து என்ற அறிவிப்பு, 10 கிலோமீட்டர் என்று சுருங்கிய அனுமதியாக நடைமுறைக்கு வந்தது. எல்லையிலிருந்து அந்தத் தூரத்துக்குள் குடியிருப்பவருக்கு அசாம் ரைபிள்ஸ் பாஸ் தரும். கைரேகை எடுப்பார்கள், கியூ.ஆர். குறியீடு இருக்கும், ஏழு நாள் செல்லும். மொத்தம் 43 கடவு இடங்கள். உண்மையில் இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். யார் வருகிறார், போகிறார் என்று தெரியும். பூட்டைவிட இந்தப் பதிவேடு பாதுகாப்புக்கு அதிகம் உதவும். ஆனால் இது ஆளுக்கான பாஸ். லாரிக்கு இல்லை.

பாக்கும் துவரையும்

பாக்கின் கதையைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. பாக்கு 1995 பட்டியலிலேயே இருந்தது, முறையாக வரலாம். ஆனால் கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகளைக் காக்க, குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று ஒன்றை மத்திய அரசு வைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அதைக் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ஆக உயர்த்தியது. அதற்குக் கீழான விலையில் வந்தால் இறக்குமதியே கூடாது. ஷிமோகா விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம். மோரே பக்கம் நின்று பார்த்தால், பர்மா பாக்கு சட்டப்படி வர வழியே இல்லை. பாக்கு என்னவோ வந்துகொண்டுதான் இருக்கிறது. மிசோரம், மணிப்பூர் சாலைகளில் லாரி லாரியாகப் பிடிபட்ட பர்மா பாக்கு செய்திகளை அந்த மாநிலப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கலாம். விவசாயிகளின் பிழைப்பைக் காக்கப் போட்ட ஒரு கொள்கை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கடத்தல் தொழிலுக்கு உரம் போட்டது. இதில் உள்துறைக்கு ஒரு தொடர்பும் கிடையாது. கடத்தலைப் பிடிக்கும் வேலை மட்டும் எல்லையில் நிற்கும் படையின் தலையில்.

இதற்கு நடுவில் மோரேயிலிருந்து இம்பாலுக்குப் போகும் சாலையும் இரண்டாக உடைந்து கிடந்தது. மெய்தேயி மலைக்குப் போக முடியாது, கூகி பள்ளத்தாக்குக்கு இறங்க முடியாது. இரு தரப்பிலும் சேராத பங்கல் ஓட்டுநர்கள்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சரக்கை நகர்த்தினார்கள். கேட் நாளைக்கே திறந்தாலும், சரக்கு ஏற்றிய லாரி அந்த 110 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். எல்லை வணிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எல்லைக்கோட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2025 பிப்ரவரி 13-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்த பிறகும் இந்த விரிசல் உடனே ஒட்டிவிடவில்லை.

இந்தியா மியான்மரோடு வியாபாரமே வேண்டாம் என்று இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ராணுவப் புரட்சி நடந்த அதே 2021-இல், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்தாண்டு வாங்கிக்கொள்ள மியான்மரோடு ஒப்பந்தம் போட்டது. பருப்பு விலை ஏறினால் எந்த அரசும் தூங்க முடியாது அல்லவா. அந்தச் சரக்கு யாங்கோன் துறைமுகத்தில் கப்பலேறி சென்னைக்கும் மும்பைக்கும் வருகிறது. கடல் வழியில் மியான்மர் நமக்கு வணிகக் கூட்டாளி, தரை வழியில் பாதுகாப்புப் பிரச்சினை.

மியான்மரில் துவரை அதிகம் விளையும் இடங்களில் ஒன்று சகாயிங் மாகாணம். தமு இருப்பதும் அதே சகாயிங்கில்தான். மோரே தமிழ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்க அந்தத் துவரை சட்டப்படி வர வேண்டுமென்றால், முதலில் தெற்கே யாங்கோன் போக வேண்டும். கப்பலேறி வங்காள விரிகுடாவைக் கடந்து சென்னையில் இறங்கி, ஆலையில் உடைபட்டு, ரயிலில் அசாம் வந்து, லாரியில் இம்பால் சேர்ந்து, பல்லேல் தாண்டி, தெங்நௌபால் ஏறி இறங்கி மோரே கடைத்தெருவுக்கு வர வேண்டும். கடைக்காரர் பொட்டலம் மடித்துக் கொடுக்கும் இடத்திலிருந்து இரண்டாம் நம்பர் கேட்டுக்கு நடந்தே போய்விடலாம்.